பிந்துவின் ஓட்டு

1

ஜெர்மனிக்கு நான் வந்து இந்த செப்டம்பரோடு பதினைந்து வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் நான் நிரப்பாத படிவமே இல்லை என்று நினைத்திருந்தேன். ஏப்ரலில் குடியுரிமைக்கு மனுப் போட்டபோதுதான், நான் பார்க்காத கேள்வி ஒன்று பாக்கி இருப்பது தெரிந்தது. இதற்குமுன் எந்தெந்த அமைப்புகளில் உறுப்பினராக இருந்தீர்கள்?

விட்டுவிட்டிருக்கலாம். என் கணவர் அதைத்தான் சொன்னார். ஆனால் இந்த ஊரில் எதையாவது மறைத்தால் பின்னால் பெரிதாக வரும் என்று ஒரு பயம் எனக்கு. உள்ளதை எழுதினேன்: இளம் இயற்பியலாளர் நெட்வொர்க், திருவனந்தபுரம்.

அலுவலகத்தில் இருந்த அம்மாள் நல்லவர். என் பெயரை, இசக்கியம்மாள் என்ற முழுப் பெயரை, மூன்று தடவை சொல்லிப் பார்த்து நான்காவது தடவை சரியாகச் சொன்னவர். அவர் அந்த வரியில் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டார்.

திருவனந்தபுரத்தில் இப்படிப்பட்ட கூட்டத்துக்கு 'பிரஸ்தானம்' என்பார்கள். தமிழில் இயக்கம். அதை அப்படியே ஜெர்மனுக்கு மாற்றி, "அது ஒரு இயக்கம். மாணவர்கள் சேர்ந்து நடத்துவது. மலையில் இருக்கிற தோட்டத் தொழிலாளர்களிடம் போவோம்" என்றேன்.

அவர் பேனா நின்றது. "போய்?"

"செப்புக் குழாயில் காந்தத்தைப் போட்டுக் காட்டுவோம்."

அவர் சிரிக்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்தார். இந்த நாட்டில் 'இயக்கம்' என்று சொன்னால் கொடி, கோஷம், போலீஸ் என்றெல்லாம் அர்த்தம் விரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அமைப்பிடமிருந்து ஓர் உறுதிக் கடிதம் வேண்டும் என்றார். பதிவு எண், அலுவலக முகவரி, முத்திரை.

எங்கள் நெட்வொர்க்குக்கு இதில் ஒன்றுமே கிடையாது. இரண்டு தகரப் பெட்டி இருந்தது. பிந்து சேச்சி இருந்தாள்.

2

எங்களுக்குப் பூர்வீகம் அம்பாசமுத்திரம். அப்பா திருவனந்தபுரத்தில் பழவங்காடியில் ஒரு பாத்திரக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு ஆறு வயது. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவு. பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் சமாளித்துவிட்டேன். கல்லூரியில் இயற்பியல் சேர்ந்த பிறகுதான் எனக்கு எந்த மொழியும் முழுசாக இல்லை என்பது தெரிந்தது. பாடம் இங்கிலீஷ், பேச்சு மலையாளம். நான் வாயைத் திறந்தால் இரண்டிலும் அம்பாசமுத்திரம் வாடை அடிக்கும். பின் பெஞ்சில் ஒருவன், தமிழர்களை இளக்காரமாகச் சொல்வதுபோல, "பாண்டி" என்பான். மற்றவர்கள் சிரிக்க மாட்டார்கள், ஆனால் அவனைத் தடுக்கவும் மாட்டார்கள். அதனால் பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

பிந்து சேச்சி எனக்கு ஒரு வருஷம் மூத்தவள். நெடுமங்காட்டுக்காரி. நாலைந்து கல்லூரிகளில் படித்த இயற்பியல் மாணவர்களைச் சேர்த்து அவள் ஆரம்பித்ததுதான் அந்த நெட்வொர்க். மாதம் ஒரு சனிக்கிழமை ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சோதனைகள் செய்து காட்டுவார்கள். அவளுக்குப் பெரிய பாத்திரம் ஒன்று வேண்டியிருந்தது. அதன் வாயில் பலூனைக் கிழித்து இழுத்துக் கட்டி, மேலே அரிசியைத் தூவி, பக்கத்தில் சத்தம் போட்டால் அரிசி துள்ளும். அதற்குப் பாத்திரம் தேடி அப்பாவின் கடைக்கு வந்தவள், கல்லாவுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"எடி, நீ நம்ம காலேஜல்லே?" என்றாள். அப்பா பாத்திரத்தை வாடகை இல்லாமல் கொடுத்தார். நான் பாத்திரத்தோடு கூடப் போனேன்.

ஒன்றரை வருஷம் நான் நெட்வொர்க்கில் பேசியதே இல்லை. பெட்டி கட்டுவேன், சாமான் எண்ணிப் பார்ப்பேன், குழாயைத் துடைப்பேன். யாரும் என்னைப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. அது பெரிய உபகாரம்.

மூன்றாம் வருஷம் செய்முறைத் தேர்வில் வைவா. வெளியிலிருந்து வந்த பரீட்சை அதிகாரி கேட்டது எனக்குப் பதில் தெரிந்த கேள்வி. மூன்று மொழியும் ஒன்றாகத் தொண்டைக்கு வந்து நின்றுவிட்டது. அவர் இரண்டு நிமிஷம் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அன்று வீட்டுக்கு வந்து, படிப்பு போதும் என்று அப்பாவிடம் சொன்னேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு வரன் பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அப்பா "யோசிச்சுச் சொல்லுட்டி" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை பொன்முடி மலைக்குப் போவதாக ஏற்பாடு. பெட்டிக்குச் சாவி என்னிடம் இருந்ததால் போனேன். திரும்பி வந்து சாவியைக் கொடுத்துவிடலாம் என்று எண்ணம்.

3

விதுரா தாண்டினால் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. ஆறு பேர் போனோம். ரஃபீக் என்று ஒரு எம்.எஸ்சி. மாணவன், அவன்தான் எங்களில் நன்றாகப் பேசுகிறவன். பன்னிரண்டாவது வளைவிலேயே வாந்தி எடுத்துப் படுத்துவிட்டான்.

எஸ்டேட் பள்ளிக்கூடம் ஒரே நீள அறை. பக்கத்திலேயே தேயிலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள். ஐம்பது பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரஃபீக் சுவரில் சாய்ந்துவிட்டதால் பிந்து சேச்சி ஆரம்பித்தாள். அழகான மலையாளம். வேடிக்கையாகவும் பேசினாள். பிள்ளைகள் அசையவில்லை. பள்ளிக்கூட மலையாளம் அவர்களுக்குப் புரியும். ஆனால் அது டீச்சருக்கு 'சரி டீச்சர்' சொல்லும் மொழி. அவர்கள் சிரிப்பது, சண்டை போடுவது, கேள்வி கேட்பதெல்லாம் தமிழில்.

செப்புக் குழாய் சோதனை வந்தது. முதலில் ஒரு கூழாங்கல்லைக் குழாய்க்குள் போட்டாள், பொத்தென்று கீழே விழுந்தது. பிறகு காந்தத்தைப் போட்டாள். செம்பைக் காந்தம் இழுக்காது. இருந்தாலும் அது குழாய்க்குள் மெல்ல, யாரோ நூல் கட்டி இறக்குவதுபோல வந்தது. அரையிருட்டு, வெளியே மூடுபனி. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டாள்: "உள்ளுக்க பேய் பிடிச்சுக்கிட்டு இருக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிந்து சேச்சிக்கு அவள் சொன்னது புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ பற, இசக்கீ" என்றாள்.

மலையாளத்தில் 'பற' என்றால் சொல். பதினைந்து வருஷமாகக் கேட்ட வார்த்தைதான். அன்றைக்கு அது தமிழாகவே காதில் விழுந்தது.

குழாயை வாங்கிக்கொண்டு அந்தச் சிறுமிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அவள் பெயர் பூமாரி. "பேய் இல்லட்டி. காந்தம் விழும்போது இந்தச் செம்புக்குள்ள கரண்டு ஓடும். நேரா ஓடாது, வட்டம் வட்டமா ஓடும். அந்த வட்டம்தான் காந்தத்தை விழவிடாம தள்ளிப் பிடிக்குது" என்றேன்.

பூமாரி குழாயை வாங்கி உள்ளே பார்த்தாள். "ஆத்துல சுழி இருக்குமே, அது மாதிரியாக்கா?"

பாடப் புத்தகத்தில் அதற்கு 'எடி கரண்ட்' என்று பெயர். மனப்பாடம் செய்திருந்தேன். 'எடி' என்ற இங்கிலீஷ் வார்த்தைக்குச் சுழி என்று அர்த்தம் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான், அந்தப் பிள்ளை வாயிலிருந்துதான் தெரிந்தது. வைவாவில் அந்த அதிகாரி என்னிடம் கேட்டது இதே கேள்விதான்.

மத்தியானம் வரைக்கும் நான்தான் பேசினேன். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த அம்மாக்கள் ஜன்னலில் நின்று கேட்டார்கள். "எந்த ஊரும்மா நீ?" என்று ஒருத்தி கேட்டாள். அம்பாசமுத்திரம் என்றதும், "அடி, நாங்க கடையம்" என்று உள்ளேயே வந்துவிட்டாள்.

சாயங்காலம் வரவேண்டிய பஸ் வரவில்லை. கொழுந்து லாரியில் ஏறி, இலை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து விதுராவுக்கு இறங்கினோம். பிந்து சேச்சி என் பக்கத்தில் இருந்தாள். "எடி, நினக்கு இத்ற ஒச்சை உண்டாயிருந்நோ?" என்றாள். உனக்கு இவ்வளவு குரல் இருந்ததா என்று. நான் வைவா விஷயத்தைச் சொன்னேன். அவள் திட்டவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. மறுதேர்வு எப்போது என்று கேட்டாள். அதற்குள் தினமும் கல்லூரி முடிந்ததும் ஒரு மணி நேரம் அவள் கேட்பது, நான் பதில் சொல்வது என்று லாரியிலேயே முடிவாயிற்று. எந்த மொழி வாய்க்கு வருகிறதோ அதில் ஆரம்பி, முடிக்கும்போது மட்டும் இங்கிலீஷில் முடி என்றாள்.

பெட்டிச் சாவியை நான் கொடுக்கவில்லை. மறுதேர்வில் தேறி எம்.எஸ்சி. சேர்ந்தேன். இப்போதைக்கு வேண்டாம் என்று அப்பா வரன் வீட்டாருக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டார்.

4

அடுத்த வருஷம் வடக்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இளம் இயற்பியலாளர்களுக்கு மூன்று வார முகாம் அறிவித்தார்கள். எங்களைப் போன்ற ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரே ஒரு ஆள். போவது பிந்து சேச்சி என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நெட்வொர்க்கே அவளுடையது. முடிவெடுக்கும் கூட்டத்துக்குக் காய்ச்சலால் என்னால் போக முடியவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் கடைக்கு வந்தாள். ஷட்டரை அப்பா அப்போதுதான் தூக்கியிருந்தார். "இசக்கிதான் போகணும்னு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டோம் அங்கிள்" என்று அவளுடைய தமிழில் அப்பாவிடம் சொன்னாள். விண்ணப்பத்தை அங்கேயே ஓர் அண்டாவின் மேல் வைத்து நிரப்பினாள். காய்ச்சல் தணிந்து கல்லாவில் உட்கார்ந்திருந்த என்னை இழுத்துக்கொண்டு போய் முதல்வரிடம் கையெழுத்து வாங்கினாள். குளிருக்குத் தன் ஸ்வெட்டரைக் கொடுத்தாள்.

அந்த முகாமில் பாடம் எடுக்க வந்தவர்களில் ஒருவர் இங்கே என் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். அவரிடம்தான் பிறகு முனைவர் பட்டத்துக்கு வந்தேன். வேலை, கல்யாணம், குழந்தை எல்லாம் அந்த மூன்று வாரத்திலிருந்து கிளைத்தவை.

5

இங்கேயும் இளம் இயற்பியலாளர்கள் நெட்வொர்க் உண்டு. பதிவு எண், முத்திரை எல்லாம் உள்ளது. மாதம் ஒரு சனிக்கிழமை சந்தைச் சதுக்கத்தில் மேஜை போட்டுச் சோதனைகள் காட்டுகிறோம். எனக்கு 'இளம்' என்ற வயது போய்விட்டது. ஆலோசகர் என்று ஒரு பட்டம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு நான்கு மணி நேரம் நிற்போம். முதல் வருஷத்தில் என் அரைகுறை ஜெர்மனைப் பொறுமையாகக் கேட்ட கிழவர்கள், சூடான சூப் கொண்டுவந்து கொடுத்த ரொட்டிக்கடைக்காரர், என் வாக்கியத்தை முடித்துவைக்காமல் நானே முடிக்கட்டும் என்று காத்திருந்த சகாக்கள், இவர்களுக்கெல்லாம் நான் கடமைப்பட்டவள். பதினைந்து வருஷத்தில் மனம் நொந்த நாட்கள் உண்டு. ஆனால் எண்ணிப் பார்த்தால் உபகாரம்தான் அதிகம்.

என் மகள் கயலுக்குப் பத்து வயது. நான் தமிழில் பேசுவேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். போன வருஷம் வரைக்கும் மேஜைக்குப் பக்கத்தில் நிற்பாள். ஒருநாள் நான் கூட்டத்தைப் பார்த்து, "செம்பு ஒரு நல்ல மின்கடத்தி" என்று சொல்வதாக நினைத்து, பால் மாற்றிச் சொல்லிவிட்டேன். ஜெர்மனில் கடத்தி ஆண்பால். அதே வார்த்தையைப் பெண்பாலாகச் சொன்னால் ஏணி. செம்பு ஒரு நல்ல ஏணி என்று அறிவித்திருக்கிறேன். கூட்டம் அன்பாகத்தான் சிரித்தது. கயலின் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் மட்டும் திங்கட்கிழமை வரைக்கும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் சனிக்கிழமைகளில் வருவதில்லை. எனக்கு வருத்தம்தான், ஆனால் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. பேசாமல் ஒதுங்கி நின்ற ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும்.

6

ஆகஸ்டில் கயலைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். போன முதல் நாளே அவள் தாத்தாவிடம், "எனக்குச் சூடா இருக்கு" என்றாள். ஜெர்மனில் நினைத்துத் தமிழில் சொன்னது. வெக்கையாக இருக்கிறது என்று அர்த்தம். அப்பா பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் மாதிரி தெரியலையே" என்று தெர்மாமீட்டர் தேடினார். பிறகு விஷயம் தெரிந்து இருவரும் சிரித்தார்கள்.

பிந்து சேச்சி இப்போது நெடுமங்காட்டுப் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. நெட்வொர்க் இன்றும் நடக்கிறது, இப்போது வாராவாரம் சனிக்கிழமை. பிள்ளைகள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், அவள் மாறவில்லை. நான் கேட்ட உறுதிக் கடிதத்தைக் கோடு போட்ட தாளில் கையால் எழுதி வைத்திருந்தாள். பதிவு எண் இல்லை, முத்திரை இல்லை, நாங்கள் போன பள்ளிக்கூடங்களின் பெயர்கள் மட்டும் இரண்டு பக்கத்துக்கு. ஜெர்மனி திரும்பியதும் அதை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அலுவலக அம்மாள் பட்டியலைக் கடைசிவரை படித்துவிட்டு, "இத்தனை பள்ளியா?" என்று கேட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டார். கடித விவகாரம் அத்தோடு முடிந்தது. நான் சொல்ல வந்தது வேறு.

நான் ஊரில் இருந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை அவர்கள் பொன்முடிக்குப் போனார்கள். நானும் கயலும் சேர்ந்துகொண்டோம். பள்ளிக்கூடத்துக்கு இப்போது புதுக் கூரை. லயங்களில் பாதி காலி. இருப்பவர்களில் அஸ்ஸாம், ஜார்க்கண்ட் பக்கத்துக் குடும்பங்களும் உண்டு. எங்களோடு வந்த மாணவர்களில் இந்தி தெரிந்த ஒரு பெண்ணைப் பிந்து சேச்சி முன்னால் உட்கார வைத்திருந்தாள். பூமாரியைப் பற்றி டீச்சரிடம் கேட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாளாம், இரண்டு பிள்ளைகளாம். படித்தாளா என்று கேட்டேன். பத்தாவது வரைக்கும் என்றார். அதற்குமேல் எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.

கயல் முதலில் என் பின்னால்தான் நின்றாள். பிறகு பிந்து சேச்சி அவளைக் கேட்காமலே சோதனைக்கான கப்பி மாட்டிய கம்பியைக் கையில் திணித்து, "பிடிச்சோ மோளே" என்றாள். பிடித்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் நாலு பெண்களோடு தமிழும் ஜெர்மனும் கையசைவுமாக ஏதோ தகராறு செய்துகொண்டிருந்தாள்.

7

திரும்பும்போது பஸ் கிடைத்தது. கயல் மாணவிகளோடு பின்னால் உட்கார்ந்தாள். நானும் பிந்து சேச்சியும் முன்னால்.

எவ்வளவோ வருஷமாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். "சேச்சி, அந்த முகாமுக்கு நீங்க போகவேண்டியது. எனக்காக விட்டுக்கொடுத்தீங்க. நான் இன்னிக்கு இருக்கிற இருப்பு அதனாலதான்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். 

"ஞான் விட்டுக்கொடுத்ததல்ல" என்றாள். பிறகு என் வசதிக்காகத் தமிழுக்கு மாறினாள். "நாங்க ஓட்டுப் போட்டோம். கை தூக்கி. எட்டுப் பேர். ஏழு பேர் உனக்கு. ஒரு ஆள் உனக்கு எதிரா."

"யாரு?"

"ஞான்தான்."

பஸ் திரும்பியது. நான் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குப் போகணும்னு அவ்வளவு ஆசை இசக்கீ. ரஃபீக் எழுந்து பேசினான். பிந்துவுக்கு அடுத்த வருஷமும் கிட்டும், இசக்கியை இந்த வருஷம் விட்டா கல்யாணம் பண்ணி அனுப்பிடுவாங்கன்னு. எல்லாரும் கை தூக்கினாங்க. நான் ஆரம்பிச்ச நெட்வொர்க்கில, என் கண்ணு முன்னாடி. வீட்டுக்குப் போய் சோறு உண்ணாம கிடந்தேன். உன்னை நினைச்சாலே தேஷ்யம், கோவம்."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் முகாமே நடக்கலையே. அப்புறம் அம்மாவுக்குச் சுகமில்லாமப் போச்சு. பி.எட். சேர்ந்தேன்."

 இத்தனை வருஷம் அவளை ஒரு தியாகியாக நினைத்துத் தூரத்திலிருந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அது எனக்குச் சுலபமாக இருந்தது. தியாகிக்கு நன்றி சொன்னால் போதும். பக்கத்தில் இருந்தவள் தியாகி அல்ல. எனக்குக் கிடைத்ததை என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவள்; கேட்டுத் தோற்றவள்.

"நானா இருந்தாலும் எனக்கு எதிராத்தான் போட்டிருப்பேன் சேச்சி" என்றேன்.

"அறியாம்" என்று சிரித்தாள். தெரியும் என்று.

"அப்போ மறுநாள் காலையில ஒன்பது மணிக்குக் கடைக்கு ஏன் வந்தீங்க? வேற யாராவது வந்து சொல்லியிருக்கலாமே. எதிரா ஓட்டுப் போட்டுட்டு, என் விண்ணப்பத்தை நீங்களே நிரப்பி, முதல்வர் அறை வரைக்கும் கூட வந்து..."

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். கேட்கவேண்டிய கேள்வியே இல்லை என்பதுபோல.

"பதினோரு மணிக்குள்ள கொடுக்கணுமாயிருந்து. நினக்கு ஃபோம் பூரிப்பிக்கான் அறியில்லல்லோ" என்றாள்.

உனக்குத்தான் படிவம் நிரப்பத் தெரியாதே. அவ்வளவுதான் காரணம். முந்தின ராத்திரி சோறு உண்ணாமல் என்மேல் கோபத்தோடு கிடந்தவள், காலையில் பஸ் பிடித்து நெடுமங்காட்டிலிருந்து பழவங்காடிக்கு வந்ததற்கு.

விதுராவில் இறங்கி எல்லாருக்கும் சாயா சொன்னாள். பின்னாலிருந்து கயல் ஓடிவந்து, "பிந்து ஆன்ட்டி, அடுத்த சனிக்கிழமை எந்த ஸ்கூல்?" என்று தமிழில் கேட்டாள். அடுத்த சனிக்கிழமை நாங்கள் விமானத்தில் இருப்போம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். பிந்து சேச்சி கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, கயலை உட்கார வைத்து, பள்ளியின் பெயர், போகும் வழி, கொண்டுபோகும் சோதனைகள் என்று ஒவ்வொன்றாக அவளுக்குச் சொல்லத் தொடங்கினாள். நாங்கள் போக முடியாவிட்டாலும், அது பதில் கிடைக்கவேண்டிய கேள்வி என்பதால்.